கிழக்கு வீட்டு வேலை

கோரைப்பொட்டலில் மொத்தம் இருபத்தேழு வீடுகள், எல்லாம் வடக்குப் பார்த்தவை, மேற்கே ரேஷன் கடையில் தொடங்கிக் கிழக்கே கண்மாய்க் கரையில் முடியும் ஒரே தெருவில் ஒரே வரிசையாக நிற்பவை, ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் அடுத்த வீட்டில் கண் எரியும் அளவுக்கு நெருக்கமானவை. ஆனாலும் அந்த ஊர்க்காரர்களைப்போலச் சந்தேகப் பிராணிகளை ராமநாதபுரம் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. அந்த ஊரில் பெண் எடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் கல்யாணத்தன்று நான் கொண்டுபோன தாலியைக் கல்லில் உரசிப் பார்த்த பிறகுதான் ஐயரை மந்திரம் சொல்ல விட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் திறன் கணக்கெடுப்பு வந்தது. கிராமத்து ஜனங்களுக்கு என்னென்ன வேலை தெரியும், யாருக்கு என்ன பலம் என்று வீடு வீடாக எழுதிக்கொண்டு போய், அதற்குத் தக்கபடி பயிற்சியும் உபகரணமும் கொடுத்து எல்லோரையும் மேலே கொண்டுவருவது என்பது திட்டம். தண்டோரா போட்டவன் வாயை மூடுவதற்குள் ஊர் ரேஷன் கடை வாசலில் கூடிவிட்டது. வேலை தெரியும் என்று சொன்னால் நூறு நாள் வேலை அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்றார் ஒருவர். தெரியாது என்று சொன்னால் பயிற்சி என்ற பேரில் ஓசூருக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். பொய் சொன்னால் கேஸ் போடுவார்கள் என்றார் மூன்றாமவர். உண்மை, இன்மை, பொய் மூன்றும் அடைபட்டுவிட்டதால் கூட்டம் வழிவிட்டான் முகத்தைப் பார்த்தது.

வழிவிட்டான் தெருவின் கிழக்குக் கடைசி வீட்டுக்காரர், கலெக்டர் முதல் கரண்டு ஆபீஸ் வரை யாருக்கு வேண்டுமானாலும் மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆற அமர ஒரு யோசனை சொன்னார்.

"அவுகவுக வேலையச் சொல்லாதீக. கிழக்கு வீட்டுக்காரன் வேலையச் சொல்லுங்க. மொத்த ஊர்க் கணக்கு சரியா இருக்கும், அதனால பொய் கெடையாது. ஆள் கணக்கு தப்பா இருக்கும், அதனால எவன் அட்டையும் போகாது. நாளைக்கி எவனாச்சும் கேட்டா, பதட்டத்துல பக்கத்து வீட்டச் சொல்லிட்டேன்னு சொல்லிக்கிரலாம்."

"கடேசி வீடு நீருதான. ஒமக்குக் கிழக்க கண்மாய்தான கெடக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அத நான் பாத்துக்கிறேன்" என்றார் வழிவிட்டான். இவ்வளவு நல்ல யோசனையை இவர் ஏன் இலவசமாகச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் சந்தேகம் வந்தது, ஆனால் வேறு யோசனை யாரிடமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ரெஜினா மேடம் வந்தார். ஸ்கூட்டியில், கையில் ஒரு டேப்லெட்டோடு, வெயிலுக்கு முகத்தைச் சுற்றிய துப்பட்டாவோடு வந்து, ஒவ்வொரு வாசலிலும் பொறுமையாக நின்று, "உங்களுக்கு என்ன வேலை நல்லா வரும்? உங்க பலம் என்ன? நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கிறேன்" என்று கேட்டார். ஊர்க்காரர்கள் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, மேடத்தின் காதருகே வாயை வைத்துச் சொன்னார்கள். ஏனென்றால் தான் பக்கத்து வீட்டைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது.

மறுநாள் விடிந்தபோது அவரவர் வேலை மேற்கு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

கொத்தனார் சீனிப்பாண்டி, கமுதிப் பக்கம் பாதி எழும்பி நின்ற ஒரு சுவரில் கரண்டியைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றார். செங்கல்லை எப்படி வைத்தாலும் கோணியது. ஆனால் கீழே கட்டிக் கிடந்த வெள்ளாடு ஒன்று ஒரு காலை மாற்றி ஊன்றியதைப் பார்த்ததும், அதற்கு வயிற்றில் இரண்டு குட்டி என்றும், ஒன்று தலைமாறிக் கிடக்கிறது என்றும் அவருக்குத் தெரிந்தது. சீனிப்பாண்டிக்கு நேர்கிழக்கு வீடு சேதுராக்குவுடையது. ஆட்டுக்கு என்ன நோவு என்றாலும் சுற்று வட்டாரத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அன்று காலை சேதுராக்கு தன்னுடைய பதினான்கு ஆடுகளையும் பார்த்தாள், அவை அவளைப் பார்த்தன, ஒன்றுக்கொன்று ஒன்றும் புரியவில்லை.

ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டு மாரநாட்டான், தன் கிழக்கு வீட்டுப் பஞ்சவர்ணம் மேல் இருந்த கடுப்பில், "சண்டை நல்லாப் போடுவேன்" என்று சொல்லிவைத்திருந்தார். அதன்பின் அவர் கண்டக்டரோடு சண்டை போட்டார், குழாயோடு சண்டை போட்டார், சட்டையில் பொத்தான் மாட்டும்போதுகூட அந்த ஓட்டையைப் பார்த்து, "வர்றியா, வரமாட்டியா?" என்று எகிறினார். பஞ்சவர்ணம் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அமைதியாக உட்கார்ந்து காப்பி குடித்தாள். வழிவிட்டான் தனக்குக் கிழக்கே கிடந்த கண்மாயின் வேலையைச் சொல்லி, "எனக்குத் தண்ணி தேக்கத் தெரியும்" என்று எழுத வைத்திருந்ததால், குடித்த தண்ணீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் அவருக்குள் நின்றது; நடந்தால் கலகலவென்று அலையடித்தது; நாலாம் நாள் அவர் வீட்டு ஓட்டின் மேல் கொக்குகள் வந்து உட்கார ஆரம்பித்தன. வலி ஒன்றும் இல்லை என்றும், சித்திரை வெயிலுக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது என்றும் அவர் சொன்னார்.

ஊர் இதற்கெல்லாம் ஆச்சரியப்படவில்லை. சந்தேகப்படத்தான் அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. தன் வேலை யாரிடம் போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், எல்லோரும் மேற்கு வீட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். தையல் போனவள் தையல் மெஷினைப் பூட்டி வைத்தாள். தையல் வந்தவள் மெஷின் இல்லாமல் விரல் நமநமக்க உட்கார்ந்திருந்தாள். சீனிப்பாண்டியின் வேலையைப் பெற்ற மேற்கு வீட்டுக் குருந்தன், அந்தப் பாதிச் சுவரை ஒரே நாளில் கட்டி முடித்தார். சுவர் கோணியிருந்தால்கூடச் சீனிப்பாண்டி தாங்கியிருப்பார், அது தன் சுவரைவிட நேராக இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நல்ல வேலை கிடைத்தவர்கள் இது எப்போது சரியாகும் என்று கேட்பதையே நிறுத்தினார்கள். கேட்காதவர்கள்மேல் கேட்டவர்களுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

அதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று இருந்தது. ஏழெட்டுப் பேருக்குத் தங்கள் வேலை தங்களிடமே தங்கிவிட்டது. முதல் நாள் அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் நாள்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கியது. மேற்கு வீட்டுக்காரர் இவர்களிடம் சொல்லும்படி ஒரு வேலையும் இல்லை என்று நினைத்திருக்கிறார், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டிருக்கிறார். முப்பது வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துவிட்டு, தான் வைக்கிற மீன் குழம்பையோ முடைகிற கூடையையோ அந்த மனுஷன் ஒரு பொருட்டாகப் பார்த்ததே இல்லை என்று தெரிவது சாதாரண வலி அல்ல. வேலையைப் பறிகொடுத்தவர்கள் திட்டினார்கள். பறிகொடுக்காதவர்கள்தான் அழுதார்கள்.

இதில் முத்திருளாயியின் கஷ்டம் எல்லாரையும்விடப் பெரியது, ஏனென்றால் அவளுடைய கரிமூட்டம் அப்போது எரிந்துகொண்டிருந்தது.

முத்திருளாயி வழிவிட்டானுக்கு மேற்கு வீடு, சேதுராக்குவுக்குக் கிழக்கு வீடு. கரிமூட்டம் போடுவதில் அவள் கெட்டிக்காரி. சீமைக்கருவேலக் கட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈர மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துச் சுற்றிலும் காற்றுக்கு ஓட்டை விட்டு, நாள் கணக்காகப் புழுங்க விடுவார்கள். சரியான நேரத்தில் ஓட்டைகளை மண் வைத்து அடைக்க வேண்டும். முந்தி அடைத்தால் உள்ளே கட்டை வேகாமல் கிடக்கும். பிந்தி அடைத்தால் அத்தனையும் சாம்பல். அந்த நேரத்தைப் புகைதான் சொல்லும், புகை சொல்வது முத்திருளாயிக்குப் புரியும். புருஷன் இருந்தவரை அவனுக்குத்தான் அந்தப் பேர், அவன் போன பிறகும் மூட்டம் போடுகிறவர்கள் இவளைக் கூப்பிட்டு நேரம் கேட்டுக்கொண்டு, மூட்டம் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருஷம்தான் கண்மாய்க்குள் முளைத்த கருவேலத்தை வெட்டிக் கரி போடும் உரிமை முதல் தடவையாக மகளிர் குழுவுக்குக் கிடைத்திருந்தது. ஒரு வருஷத்துக்குப் பார்ப்போம், கரி ஒழுங்காக வந்தால் தொடரட்டும், வீணானால் பழையபடி கரி வியாபாரிகளுக்கே விட்டுவிடுவோம் என்று பஞ்சாயத்தில் பேச்சு. பதினோரு பெண்கள் கையெல்லாம் முள் குத்த வெட்டி, மண்ணுக்குள் கிடந்த தூர்க்கட்டைகளைக்கூட விடாமல் தோண்டி எடுத்து அடுக்கிய மூட்டம் அது. முத்திருளாயி பேரில் போட்ட முதல் மூட்டமும் அதுதான். மேடம் வந்துபோனதற்கு இரண்டு நாள் முன்னால் நெருப்பு வைத்திருந்தார்கள்.

வேலை இடம் மாறிய காலையில் அவள் மூட்டத்துக்குப் போய்ப் புகையை அண்ணாந்து பார்த்தாள். அது புகையாக இருந்தது, அவ்வளவுதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, மேற்கே சேதுராக்குவின் கொல்லைப்புறத்தைப் பார்த்தாள். அங்கே சேதுராக்கு ஆட்டுக்கொட்டடி ஓரம் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கடிதம் வாசிப்பவள் மாதிரி உதடு லேசாக அசைய.

இருவருக்கும் பேச்சு நின்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வாடைக் காற்றில் முத்திருளாயி யாருக்கோ போட்டுக்கொடுத்த மூட்டத்துப் புகை முழுக்கச் சேதுராக்குவின் கொட்டடிக்குள் இறங்கி, பிறந்து மூன்று நாளான குட்டி ஒன்று மூச்சு முட்டிச் செத்துப்போனது. புகையால்தான் செத்தது என்றாள் சேதுராக்கு. சீக்குக் குட்டியைப் பெற்றுப்போட்டுவிட்டு என் புகையைச் சொல்லாதே என்றாள் முத்திருளாயி. அதற்குப் பிறகு இடையில் இருந்த குட்டைச் சுவர் இரண்டு செங்கல் உயர்ந்தது.

"அவகிட்ட போயிருச்சு" என்று குழுத் தலைவி நாகவள்ளியிடம் போய்ச் சொன்னாள் முத்திருளாயி. "எல்லாத்தையும் விட்டுட்டு அவகிட்ட போயிருச்சு."

"அவ என்னத்தச் சொல்லி வாங்குனாளோ. ஒன்னப் பழிவாங்கன்னே கேட்டு வாங்கியிருப்பா" என்றாள் நாகவள்ளி.

முத்திருளாயிக்கு வந்திருந்தது வழிவிட்டானின் மனு எழுதும் வேலை. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அவள் விரல், பேனாவை எடுத்ததும் தானாக ஓடியது. அனுப்புநர், பெறுநர், பொருள்: எங்கள் கிராமத்தில் வேலைத்திறன் ஒரு வீடு மேற்கே தள்ளிப் பதிவாகிவிட்டதைத் திருத்தக் கோருதல் தொடர்பாக, என்று தொடங்கி, "தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன்" என்று அவள் எழுதியதைப் பார்த்து வழிவிட்டானுக்கே உள்ளே தண்ணீர் தளும்பியது. தபாலில் போட்டார்கள். ஆனால் மேடம் எப்போது வருவார் என்று மூட்டம் காத்துக்கொண்டிருக்குமா? நெருப்பு வைத்த ஏழாம் நாள் காலை புகை நீலமாக மாறியது.

நீலம் வந்தால் அடைக்கலாம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாகவள்ளியும் மற்ற பெண்களும் மண் குழைத்துக்கொண்டு நின்றார்கள். முத்திருளாயி மட்டும் தயங்கினாள். ஏதோ ஒன்று தனக்கு முன்பு தெரிந்திருந்தது, இந்த நீலத்தைப் பற்றி ஏதோ ஒன்று. தொண்டை வரை வந்த பேர் வாயில் வராததுபோல அது தவித்தது. கடைசியில் அவள் கொல்லைப்புறச் சுவரண்டை போய் நின்றாள்.

"மதினி."

சேதுராக்கு ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"மூட்டம் நீலமா விடுது. அடைக்கவா?"

"அடைக்காத" என்றாள் சேதுராக்கு, தழையைப் பார்த்தபடியே. "அது மேக்கட்டையோட நீலம். வயித்துல தூரு பச்சையாக் கெடக்கு. இன்னும் ரெண்டு நாள் விடு."

"ரெண்டு நாளா?"

"காதுல விழுகலயா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

இப்போது சேதுராக்கு திரும்பினாள். "தெரியுது. நான் என்ன செய்ய? வெடிஞ்சதுலருந்து பொழுது சாயிற வரைக்கும் கண்ண மூடுனாலும் ஒன் புகைதான் தெரியுது. என் ஆட்டப் பாத்தா ஒன்னுந் தெரியல."

முத்திருளாயி திரும்பி வந்து சொன்னதும் குழுப் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். நீலத்துக்குப் பிறகு இரண்டு நாளா? அப்பன் பாட்டன் காலத்தில் கேட்டதில்லை. மொத்தத்தையும் சாம்பலாக்கிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கப் பார்க்கிறாள்.

"குட்டி செத்ததுக்கு நேரம் பாத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றாள் நாகவள்ளி. "நல்லா யோசிச்சுப் பாரு. ஒனக்குக் கெடுதல் பண்ண அவளுக்கு இதவிட என்ன வேணும்? ஒரு வார்த்த தப்பாச் சொன்னாப் போதும்."

முத்திருளாயி யோசித்தாள். சேதுராக்குவின் இடத்தில் தான் இருந்தால், தன் குட்டி அப்படிச் செத்திருந்தால், சரியான நேரத்தைச் சொல்லியிருப்போமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சொல்லியிருக்க மாட்டேன் என்று அவள் மனசு பதில் சொன்னது. அந்தப் பதிலைச் சேதுராக்குவின் மேல் ஏற்றிவைத்தாள். "அடைங்கடி" என்றாள்.

பதினோரு பேரும் ஓடி ஓடி ஓட்டைகளை அடைத்தார்கள். புகை நின்றதும் சுவருக்கு மேலே சேதுராக்குவின் தலை தெரிந்தது. "அடைச்சிட்டியா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் ஆறவிட்டு மூட்டத்தைப் பிரித்தார்கள். சுற்றிலும் நல்ல கரி, தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது. பெண்கள் முகத்தில் அப்போது இருந்த மகிழ்ச்சியை நான் என் கண்ணால் பார்த்தேன். நடுவுக்குப் போகப் போக, மேல்தோல் மட்டும் கறுத்த கட்டைகள் வர ஆரம்பித்தன. வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை. தோண்டி எடுத்த தூர்கள் அத்தனையும், ஏறக்குறையப் பாதி மூட்டம், வேகாமல் கிடந்தது. கரி வியாபாரியின் ஆட்கள் கண்மாய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு, "பொம்பள மூட்டம் அரை வேக்காடு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்தார். வேகாததை இன்னொரு தடவை அடுக்கிப் போட்டுப் பாருங்கள், அதுவும் கெட்டால் என்னால் ஒன்றும் பேச முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். முத்திருளாயி ஒரு பச்சைத் தூரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ரெஜினா மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நடந்ததை இருபத்தேழு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மேடம் கேட்டுக்கொண்டு, "இன்னும் மூணு ஊர்லயும் இப்படி ஆயிருக்கு. திருத்தம் போட்டாச் சரியாயிரும்" என்று சாதாரணமாகச் சொல்லி, ரேஷன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "முதல்ல பழைய பதிவ வாசிப்பேன். அப்புறம் அவங்கவங்க வந்து, எனக்கு இது தெரியும்னு உங்க வாயால சொல்லணும்."

பழைய பதிவை வாசிப்பதா? ஊர் நெளிந்தது. பக்கத்து வீட்டைப் பற்றிக் காதோடு காதாகச் சொன்னதெல்லாம் இப்போது சபையில் வரப்போகிறது. ஆனால் தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்று கேட்கும் ஆசையும் எல்லோருக்கும் இருந்ததால் ஒருவரும் எழுந்து போகவில்லை. மாரநாட்டானுடையது வாசிக்கப்பட்டபோது எல்லோரும் சிரித்தார்கள், பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. குருந்தனுடையது வாசிக்கப்பட்டபோது சீனிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்; "தூக்குக்குண்டு இல்லாமலே என் சுவர் நேரா நிக்கும்" என்று குருந்தன் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

"சேதுராக்கு" என்று மேடம் சீனிப்பாண்டிக்கு அடுத்த பேரை வாசித்தார்.

முத்திருளாயி தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். நாகவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தெரிஞ்சிரும் பாரு, என்ன சூழ்ச்சி பண்ணுனான்னு" என்று காதைக் கடித்தாள்.

மேடம் வாசித்தார்: "எனக்குக் கரிமூட்டம் தெரியும். புகைய வச்சே உள்ள எந்தக் கட்ட வெந்திருக்கு, எது வேகலன்னு சொல்லுவேன். நீலப் புகைக்கி ஏமாற மாட்டேன், தூர்க்கட்ட கெடந்தா நீலம் பொய் சொல்லும், அது எனக்குத் தெரியும். மழ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டைய மாத்திருவேன். காத்து கொட்டடிப் பக்கம் திரும்புனா, நாலு வருசமா, எந்திரிச்சு வந்து அந்தப் பக்கத்து ஓட்டைய அடச்சு வச்சிருவேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்த ஜில்லாவுல என்னைய மாதிரி மூட்டக்காரி கெடையாது."

நான்கு வருஷமாகக் காற்று திரும்பும்போதெல்லாம் முத்திருளாயி எழுந்து போய் அந்தப் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டு வந்தது உண்மைதான். குட்டி செத்தது தன் புகையால்தான் என்று மனசுக்குள் தெரிந்துகொண்டு, அதை ஒப்புக்கொள்ள வாய் வராமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் செய்த வேலை அது. அதைச் சேதுராக்கு பார்த்திருக்கிறாள். பார்த்ததை நான்கு வருஷமாக வைத்திருந்து, முன்பின் தெரியாத ஒரு மேடத்தின் காதில் சொல்லியிருக்கிறாள். முத்திருளாயி கூனிக் குறுகிப்போனாள். நாகவள்ளியிடமிருந்து கையை உருவிக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடினாள்.

"அடுத்து திருத்தம். முத்திருளாயி அக்கா, வாங்க. உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க."

அவள் போய் நின்றாள். எனக்கு, என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. பிறகு வந்தவர்களுக்கும் அப்படித்தான் ஆனது. சீனிப்பாண்டி மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "என்னத்தங்க, ஏதோ பொழப்பு" என்றார். தையல்காரி வெட்கப்பட்டு ஓடியே போனாள். அடுத்தவன் வேலையைப் புட்டுப் புட்டு வைத்த ஊருக்கு, எனக்கு இது நன்றாக வரும் என்று தன் வாயால் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொருவருக்கும் மற்ற இருபத்தாறு வீட்டின் மேலும் சந்தேகம்.

மேடம் டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டு யோசித்தார். "சரி, அவங்களுக்காக யாராவது சொல்லுங்க. ஆனா இந்தத் தடவ அவங்க பேர்ல."

பிறகு சேதுராக்கு எழுந்து வந்து, முத்திருளாயியின் பக்கத்தில், அவளைப் பார்க்காமல் நின்றாள். "எழுதுங்க. முத்திருளாயி. முன்ன எழுதுனது அம்புட்டும் இவளுது. ஒரு வார்த்த கொறைக்காதீங்க." போகும்போதுதான் நின்று சொன்னாள்: "அன்னைக்கி நான் சொன்னதக் கேட்டிருக்கலாம்."

அதன்பின் ஒருவருக்காக ஒருவர் வந்து சொல்ல ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் திருத்தம் முடிந்தது. கொக்குகள் பறந்தன, மாரநாட்டான் வாய் ஓய்ந்தது, ஆடுகளும் சேதுராக்குவும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள். இந்தத் திருத்தத்தால் அட்டை போய்விடுமோ என்று அடுத்த நாளே ரேஷன் கடை வாசலில் கூட்டம் கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேகாத தூர்களை முத்திருளாயி இரண்டாவது மூட்டமாக அடுக்கினாள். இந்தத் தடவை புகை அவளோடு பேசியது. எட்டாம் நாள் மத்தியானம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கடைசித் தூரும் வெந்தாயிற்று, இப்போது அடைக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் அடைத்தே ஆகவேண்டும். குழுப் பெண்கள் மண் குழைத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்து நின்றார்கள். அவள் அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்புறச் சுவரண்டை போனாள்.

"மதினி, அடைக்கவா?"

சேதுராக்கு கையிலிருந்த தழையைக் கீழே வைத்தாள். புகையைப் பற்றி அவளுக்கு இப்போது ஒன்றும் தெரியாது என்று முத்திருளாயிக்குத் தெரியும், சேதுராக்குவுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மனுஷி வந்து கேட்டுவிட்டாள், அதுவும் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். சேதுராக்கு கண்ணுக்கு மேல் கையை வைத்து, அந்தப் புகையை அக்கறையாக, வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் ஒரு நாள் கெடக்கட்டுமே" என்றாள்.

"சரி மதினி."

நாகவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். முத்திருளாயி மூட்டத்தின் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று வரும் ஓட்டைகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை, நெருப்பு மெதுவாகட்டும் என்று, யாருக்கும் தெரியாமல் பாதியாகக் குறுக்கிவிட்டு, உள்ளே கரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாவதைப் புகை ஒவ்வொரு நாழிகையும் சொல்லச் சொல்ல, அதை முழுசாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் மத்தியானம்வரை இருந்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஓட்டைகளை அடைத்து, மூன்று நாள் ஆறவிட்டு மூட்டத்தைப் பிரித்தபோது எல்லாம் நல்ல கரி. அடியில் மட்டும் இரண்டு மூட்டை அளவுக்குச் சாம்பல். கண்மாய் உரிமை அடுத்த வருஷமும் குழுவுக்கே என்று பஞ்சாயத்துத் தலைவர் அங்கேயே சொன்னார். பெண்கள் குலவை போட்டார்கள். நாகவள்ளி மட்டும் போடவில்லை, அந்தச் சாம்பலைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடைக்கிறதுக்கு மொத நாளே வெந்திருச்சு" என்றாள். "ஒனக்கா தெரியல?"

சுவருக்கு மேலே சேதுராக்குவின் தலை தெரிந்தது. சாம்பலைப் பார்த்து அவள் முகம் மாறிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியலடி" என்றாள் முத்திருளாயி, அந்தப் பக்கமும் கேட்கும்படி சத்தமாக.